மல்டிமீட்டர் காட்டாத பழுது

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் அதனோடு இணையும் நரசிங்கபுரம் தெருவிலும் ஆம்ப்ளிபயர் பழுதுபார்ப்போரின் கைப்பழக்கம், கிளாஸ் ஏபி எனப்படும் பழைய சுற்றமைப்பை நம்பி வளர்ந்தது. அதில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள், பாதி திறந்த குழாய்போல, மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றன. ஸ்பீக்கருக்குச் சேராத மின்னழுத்தம் அவற்றின் மேலேயே வெப்பமாகக் கழிகிறது. ஆகவே, எது சுடுகிறது என்று விரலால் தொட்டறிவதும், ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்துச் சுழியம் காட்டுகிறதா என்று பார்ப்பதும் இத்தொழிலின் முதற்பாடங்களாயின. கிளாஸ் டி போர்டுகள் மேசைக்கு வரத் தொடங்கிய பின் முதற்பாடம் நிலைத்தது. இரண்டாவதோ ஆளை ஏமாற்றத் தொடங்கியது.

எளிய கிளாஸ் டி சுற்று ஒன்றைத் தனித்தனி உறுப்புகளால் கட்டுவோர், டிஎல் 072 போன்ற ஆப்-ஆம்ப் கொண்டு 200 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு முக்கோண அலையை உண்டாக்கி, அதையும் பாட்டின் அலையையும் எல்எம் 311 என்னும் ஒப்பீட்டுச் சில்லில் மோதவிடுகின்றனர். பாட்டின் அலை உயரும்போது அகன்றும் தாழும்போது குறுகியும் வெளிவரும் துடிப்புகள், ஐஆர் 2110 போன்ற டிரைவர் வழியாக மேலும் கீழுமாக அமைந்த இரண்டு மாஸ்பெட்டுகளைத் திறந்து மூடுகின்றன. இதுவே துடிப்பகலப் பண்பேற்றம். மாஸ்பெட் முழுதாகத் திறந்திருக்கும் அல்லது முழுதாக மூடியிருக்கும் என்பதால் வெப்ப இழப்பு குறைந்து, வாங்கும் மின்திறனில் 90 விழுக்காடு வரை ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்கிறது. கடைசியில் நிற்கும் காயிலும் கண்டென்சரும் வேகமான துடிப்பை வடிகட்டிப் பாட்டை மட்டும் விடுகின்றன.

தாளில் எளிதாகத் தோன்றும் இச்சுற்றில் தொல்லை முழுவதும் நேரத்தில் இருக்கிறது. மேல் மாஸ்பெட் மூடி முடிப்பதற்குள் கீழ் மாஸ்பெட் திறந்துவிட்டால் மின்வழங்கியே குறுக்கிணைப்பாகி இரண்டும் ஒருங்கே வெடிக்கும். அதைத் தவிர்க்க இரண்டும் மூடியிருக்கும்படி சில பத்து நானோ விநாடி இடைவெளி விடப்படுகிறது. அந்த இடைவெளியைத் தாராளமாக விட்டால் மாஸ்பெட் பிழைக்கும், பாட்டு கரகரக்கும். 1964இல் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் எக்ஸ்-10 என்னும் கிளாஸ் டி கிட்டை விற்பனைக்கு விட்டு, அறிவித்த 10 வாட்டை எட்ட முடியாமல் போனதற்கு, இத்தகைய வேகத்துக்கு ஈடுகொடுக்காத அக்கால டிரான்சிஸ்டர்களே பெருங்காரணம். கருத்து சரியாகவே இருந்தது, உறுப்புகள்தாம் பின்தங்கியிருந்தன.

இன்று இவ்வேலைகள் அனைத்தையும் டிபிஏ 3116 போன்ற ஒரே சில்லு ஏற்றுக்கொள்வதால், மேசைக்கு வரும் போர்டுகளில் பெரும்பான்மை அவ்வகையே. 24 வோல்ட் கொடுத்த அத்தகைய போர்டொன்றில் ஸ்பீக்கர் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 12 வோல்ட் இருப்பதைக் கண்டு, சில்லு போய்விட்டது என்று தீர்மானித்துச் சூட்டுக்கோலை எடுத்த இளைஞரை, "அதுல கைய வைக்காத தம்பி, ரெண்டு ஸ்பீக்கர் முனைக்கும் நடுவுல பாரு" என்று மூத்த மெக்கானிக் தடுத்தார். அப்படி அளந்தபோது மீட்டர் ஏறத்தாழ சுழியம் காட்டியது. இவ்வகைச் சில்லில் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் சில்லே ஓட்டுகிறது. இரண்டும் பாதி மின்னழுத்தத்தில் நிற்பதே அதன் நலம். மைனஸ் முனையை இரும்புப் பெட்டியோடு சேர்த்துவிடும் பழைய வழக்கம் இங்கு ஓர் அரைச்சுற்றை நேரே கிரவுண்டில் தள்ளிவிடும். சில்லின் பாதுகாப்பு அமைப்பு உடனே ஒலியை நிறுத்துவதால், நல்ல போர்டும் பழுதானதாகவே தோன்றும்.

இளைஞர் பார்த்த அந்தப் போர்டின் உண்மையான நோயைக் காட்டியது விரல். பாட்டே இல்லாதபோதும் ஒரு காயில் மட்டும் தொட முடியாதபடி சுட்டது. சிறிய பெரைட் உள்ளகம் மின்னோட்டத்தைத் தாங்காமல் செறிவடைந்தால், காயில் வெறும் கம்பியாகிச் சில்லின் மேல் நேராகச் சுமை ஏற்றும். கண்டென்சர் குறுக்கிணைந்தாலும் அறிகுறி இதுவே. அருகிலிருந்த 0.68 மைக்ரோ பாரட் கண்டென்சரைக் கழற்றி அளந்து, அது நலம் என்று உறுதிசெய்த பிறகே மூத்த மெக்கானிக் காயிலை மாற்றினார். 10 மைக்ரோ ஹென்றி என்று எழுதியிருந்தால் போதாது, எத்தனை ஆம்பியர் வரை அது 10ஆகவே நிற்கும் என்பதையும் கேட்க வேண்டும். விலை குறைந்த போர்டுகளில் பொதுவாகச் சிக்கனம் பிடிக்கப்படும் இடம் இது.

டிரான்ஸ்பார்மர் வைத்துத் தனி உறுப்புகளால் கட்டிய சுற்றுக்கோ, முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் இழை பல்பைத் தொடராக இணைக்கும் பழைய முறை இன்றும் குறையின்றிப் பயன்படுகிறது. பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் தொடரலாம். பிரகாசமாகவே நின்றால் இரு மாஸ்பெட்டும் சேர்ந்து திறந்திருக்கலாம், மின்னோட்டத்தைப் பல்பு கட்டுப்படுத்துவதால் அவையும் பிழைத்திருக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது.