கிடைக்காத புத்தகத்தின் கணக்கு

கல்லூரி நூலகத்தை மதிப்பிடப் போகும் குழுவிடம் எல்லா இடத்திலும் முதலில் நீட்டப்படுவது வருகைப் பதிவேடு. நாளுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல் வெளியே போனது, சேர்க்கைப் பதிவேட்டில் கடைசி எண் என்ன, எல்லாம் கூட்டித் தயாராக இருக்கும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் நான்காம் அளவுகோலும் ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்டு வந்திருக்கிறது: நூலகம் கணினிமயமாகிவிட்டதா, மின்னிதழ்ச் சந்தா உண்டா, நூல் வாங்க ஆண்டுக்கு எவ்வளவு செலவு, நாள்தோறும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் புத்தகம் கேட்டு வந்து வெறுங்கையோடு போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்பது இந்த எண்களில் எங்கேயும் இல்லை. நானும் நூலகர்தான். பிற கல்லூரிகளுக்கு மதிப்பீட்டுக்குப் போகும்போது என் நேரத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு கேள்விக்கே போகிறது.

சமுதாயக் கல்லூரிகளில் அது இன்னும் முக்கியம். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இந்தியாவில் தொடங்கிவைத்த கல்லூரி வகை இது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள், கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்கள் இங்கே சேருகிறார்கள். குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, நோயாளிப் பராமரிப்பு, தையல் என்று கைத்தொழில் சார்ந்த பட்டயப் படிப்புகள். இவர்களில் பலர் ஒரு நூலகத்துக்குள் நுழைவதே முதல் தடவை. ஒருமுறை "இல்லை" என்ற பதில் வாங்கினால் மறுபடி படியேற மாட்டார்கள்.

வெறுங்கையோடு போவதன் காரணங்களைப் பிரித்துப் பார்க்க, 1976இல் பால் கான்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்த முறை எனக்குக் கைகொடுக்கிறது. கேட்ட நூலை நூலகம் வாங்கியிருக்கிறதா? வாங்கியிருந்தால், வேறொருவர் கையில் இருக்கிறதா? உள்ளேயே இருந்தால், அதற்குரிய ரேக்கில் இருக்கிறதா? ரேக்கில் இருந்தால், தேடி வந்தவரால் கண்டுபிடிக்க முடிந்ததா? நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு தேறினால் நல்ல நூலகம் என்றுதான் தோன்றும். பெருக்கிப் பார்த்தால் கடைசியில் நூற்றுக்கு 66 பேர் கையில்தான் புத்தகம் சேர்ந்திருக்கும். மூன்றில் ஒருவர் ஏமாந்து போகிறார். எந்தப் படியில் தவறுகிறது என்று தெரிந்தால்தான் பரிகாரமும் தெரியும். முதல் படிக்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்குக் கூடுதல் பிரதி வாங்கலாம், அல்லது கடன் தரும் நாள்களைக் குறைக்கலாம். மூன்றாவதற்கு நூல்களை ஒழுங்காக அடுக்க ஓர் ஆள் வேண்டும். நான்காவதைப் பெரும்பாலும் செலவே இல்லாமல் சரிசெய்துவிடலாம். அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

அதனால் வாசலில் அரைத்தாள் கொடுத்து, என்ன தேடி வந்தீர்கள், கிடைத்ததா என்று தமிழில் இரண்டே கேள்வி கேட்கிறேன். ஒத்துக்கொள்பவர்களோடு ரேக்வரை கூடவே நடக்கிறேன். ஒரு கல்லூரியில் ஏசி மெக்கானிக் படிக்கும் மாணவர் கவுன்டரில் கேட்டார்: "மேடம், ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏத்துறது பத்தி புக்கு இருக்கா?"

"கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பாருப்பா."

நூலக மென்பொருளான கோஹாவின் தேடல் பெட்டியில் ஃப்ரிட்ஜ் என்று தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை அடித்தார். ஒன்றும் வரவில்லை. நூல்களின் பதிவெல்லாம் ரெஃப்ரிஜரேஷன் என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கும்போது எப்படி வரும்? கிளம்பியவரை நிறுத்தி 621.56 என்ற வகைப்பாட்டு எண்ணுக்கு அழைத்துப் போனேன். கீழ்த்தட்டில் நான்கு புத்தகங்கள், அவற்றில் ஒன்று தமிழில். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பொருளடக்கத்தைப் பார்க்கவில்லை, படங்களை மட்டும் புரட்டிக்கொண்டே போய், மானிஃபோல்ட் கேஜ் இணைப்பைக் காட்டும் படத்தில் நிறுத்தி, ஒவ்வொரு குழாயாக விரலால் தொடர்ந்துபோனார்.

அந்த நான்கு நூல்களும் அதுவரை யாருக்கும் வழங்கப்படவில்லை என்றது மென்பொருள் அறிக்கை. அதை மட்டும் பார்க்கிறவர் மாணவர்களுக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று எழுதிவிடுவார். அப்படி எழுதிய அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். அந்தப் பழியை மாணவர்மேல் போடுவதை என்னால் ஏற்க முடியாது. நூல் விவரங்களைக் கணினியில் ஏற்றும் மார்க் பதிவில் 653 என்றொரு புலம் இருக்கிறது. நமக்கு வேண்டிய குறிச்சொற்களை அதில் தாராளமாகச் சேர்க்கலாம். ஃப்ரிட்ஜ், கேஸ் சார்ஜ், சுகர், பிரஷர் என்று மாணவர் வாயில் வரும் சொற்களை அங்கே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏற்றிவிட்டால், தேடுபவர் கண்ணில் புத்தகம் படும்.

உட்கார்ந்த இடத்திலேயே படித்துவிட்டுப் போகும் நூல்களும் கணக்கில் வருவதில்லை. மூடும் நேரத்தில் மேசைகளில் கிடப்பவற்றை ரேக்குக்கு அனுப்புமுன் ஒருமுறை ஸ்கேன் செய்தால் போதும். அதற்கான வசதி கோஹாவிலேயே உண்டு.

நூல் தொலையுமோ என்ற பயத்தில் அலமாரிக்குப் போடும் பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லாத வரை, ஆண்டுக்கு ஆயிரம் நூல் பயன்பட்டால் ஐந்து தொலைவதை நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி. இருந்தும், தொலைந்த நூலுக்கு நூலகரையே பணம் கட்டச் சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. அங்கே அவர் விலை கூடிய நூல்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினால் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகர்களை நேரே அலமாரிகளுக்கு நடக்கவிட்டவர். அந்த வழியில் வந்த நாம் சாவியைத் தேடிக்கொண்டிருக்கலாமா? 215ஆம் விதியின் நகலை அறிக்கையோடு இணைத்துக் கல்லூரி முதல்வர் கையில் கொடுத்துவிட்டு வருவது என் வழக்கம்.

அரைத்தாளுக்கும் ஓர் எல்லை உண்டு. வாசல்வரை வந்தவர்களைத்தான் அது பிடிக்கும். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலை ஆறு மணி வகுப்புக்கு வருபவர்களுக்கு, ஐந்து மணிக்கு மூடும் நூலகம் இருந்தும் இல்லாததுதான். ஆகவே அவர்களைப் பார்க்க வகுப்பறைக்கே போகிறேன். ஒரு தையல் வகுப்பில் ஓர் அம்மா கேட்டார்: "நாங்களும் எடுத்துட்டுப் போலாமா சார்? அது டே காலேஜ் பிள்ளைங்களுக்குன்னு நெனச்சோம்." பக்கத்தில் இருந்த பலருக்கும் நூலக அட்டையே வழங்கப்படவில்லை. அந்தக் கல்லூரிக்கான பரிந்துரையில் முதலில் எழுதியது இதுதான்: எல்லோருக்கும் உடனே அட்டை, வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணிவரை நூலகம். அதற்கான ஆள் சம்பளத்துக்குப் பணமில்லை என்றால், அடுத்த ஆண்டு புத்தகம் வாங்கும் தொகையைக் குறைத்தாவது கொடுக்க வேண்டும்.