பக்கத்து வீட்டு ஆமை

போன ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் வீட்டுக்கு ஓர் ஆமை வந்தது. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் அதை வாளியோடு சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டேன். அந்தப் பழமொழியில் வருவது ஆமையே இல்லை, ஆம்பி, அதாவது காளான் என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. அதையும் அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். “காளானோ ஆமையோ, பண்டிகை நேரத்துல வேணாம்னா கேக்க மாட்டியா?” என்றார்.

ஆமை பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியுடையது. அவருக்கு எண்பது வயது நெருங்குகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததில் மருத்துவமனையிலேயே இரண்டு மாதம் இருந்தார். தாதிமை இல்லத்தில் சேர்ப்பதென்று மகன் முடிவு செய்தார். வீட்டைக் காலி செய்ய வந்தவர் மின்தூக்கிக்கு அருகில் என்னைப் பார்த்து, “நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா? இல்லாவிட்டால் ஏதாவது பூங்காக் குளத்தில் விட்டுவிடுவேன்” என்றார். நான் யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டேன்.

குளத்தில் விடுவது இங்கே சட்டப்படி குற்றம். விசாக தினம் நெருங்கும்போது தேசியப் பூங்காக் கழகம் இதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டும். நானும் வானொலியில் அதை வாசித்திருக்கிறேன். எங்களிடம் வந்தது சிவப்புக் காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்குமே, அதுதான். பிறப்பிடம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. செல்லப்பிராணியாக உலகமெல்லாம் போய், சலித்தவர்கள் குளத்தில் விட, அங்குள்ள உள்ளூர் ஆமைகளின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. 1997ல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியையே தடை செய்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் போனது, இது என்ன சாப்பிடும் என்பதுதான்.

ஆன்ட்டி அதை ‘ஆ புய்’ என்று கூப்பிடுவார். ஹொக்கியனில் குண்டு என்று பொருள். அம்மா வாயில் அது ஒரே நாளில் ‘அப்பு’ ஆகிவிட்டது. வேண்டாம் என்றவரே பெயரும் வைத்தார்.

முதல் நாள் மாலை தரையில் செய்தித்தாளை விரித்து, அப்புவை அதன்மேல் விட்டு, கடையில் வாங்கி வந்த காய்ந்த இறாலை முன்னால் வைத்தேன். வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். மறுபடி எடுக்கும், போடும். புது இடம் என்பதால் கோபம் என்று நினைத்தேன். இந்த வகை ஆமையின் நாக்கு நம்முடையதைப்போல் புரளாது, தண்ணீருக்குள் இருந்தால்தான் இரையை விழுங்க முடியும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஆங்கிலத்தில் தரையில் வாழ்வது டார்டஸ், தண்ணீரில் வாழ்வது டர்டல். தமிழில் இரண்டுமே ஆமை. என் மூளையிலும் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. தண்ணீரில் போட்டதும் இறாலை வெறித்தனமாகத் தின்றது. அன்றிலிருந்து காலையும் மாலையும் இறால்தான்.

ஆன்ட்டி அதை வைத்திருந்தது நடைபாதையில், ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியில். எனக்கு அது பரிதாபமாகத் தெரிந்தது. 180 வெள்ளி கொடுத்து மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். வடிகட்டி, ஏறி உட்கார ஒரு பலகை, ஒரு பிளாஸ்டிக் தென்னைமரம். என் அறையில் சன்னலோரமாக வைத்தேன், வெயில் நன்றாக வரும் என்று. படம் எடுத்துப் போட்டதும் இருநூறு பேருக்குமேல் இதயக்குறி இட்டார்கள்.

என் வேலை அப்படி. காலை ஆறு மணி நிகழ்ச்சிக்கு நான்கு மணிக்கு எழ வேண்டும். மதியம் வந்து குளிர்சாதனத்தைப் போட்டுத் தூங்கிவிடுவேன். ஒலிபரப்பில் மூன்று நொடி சத்தமில்லாமல் போனாலும் கூடத்தில் எல்லோர் முகமும் மாறும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் எனக்கு, குரைக்காத, கத்தாத ஒரு பிராணி வரமாகத் தெரிந்தது. “தொந்தரவே இல்லாத செல்லம்” என்று சக படைப்பாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதத்தில் ஒரு மாலை அம்மா தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“இது கண்ணைத் தொறக்கல, பாத்தியா?”

“தூங்குதும்மா.”

“மூணு நாளாவா தூங்கும்?”

அருகில் போய்ப் பார்த்தேன். இரண்டு இமைகளும் பட்டாணிபோல் வீங்கி மூடியிருந்தன. தண்ணீரில் பழைய இறால் ஊறி மிதந்தது. மூன்று நாளாக நான்தான் போட்டிருக்கிறேன். தின்றதா என்று பார்க்கவில்லை.

முதலில் அழைத்த இரண்டு மருந்தகங்களிலும் நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருந்தார். அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, நேர்காணலுக்குத் தயார் செய்யாமல் வந்த விருந்தினர்போல் உட்கார்ந்திருந்தேன். என்ன உணவு? இறால். வேறு? இல்லை. என்ன விளக்கு? சன்னல் வெயில். தண்ணீர் எவ்வளவு சூடு? தெரியாது. அறையில் குளிர்சாதனம் உண்டா? உண்டு.

மருத்துவர் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். காய்ந்த இறாலில் ஏ வைட்டமின் போதாது, அதனால்தான் கண் வீங்குகிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் ‘பி’ இல்லாவிட்டால் ஆமையின் உடல் டி வைட்டமினை உண்டாக்காது, சுண்ணாம்புச் சத்தும் சேராது. நாளடைவில் ஓடே மெத்தென்று ஆகிவிடும். அந்தக் கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. அதாவது என் அறையில் அப்புவுக்குக் கிடைத்தது வெளிச்சம் மட்டும்தான். ஆமைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளவும் தெரியாது. தண்ணீர் 25 டிகிரி அளவிலாவது இருக்க வேண்டும், ஏறிக் காயும் இடம் 30ஐத் தாண்ட வேண்டும். குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகிவிடும், நோயை எதிர்க்கும் தெம்பும் போய்விடும். ஏ வைட்டமினை நாமாக வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது, அளவு மிஞ்சினால் அதுவும் ஆபத்து என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார், அப்பு பெண்ணாம். முன்கால் நகங்கள் நீளமாக இருந்தால்தான் ஆணாம். பெயரை மாற்றும் நேரமாக அது தெரியவில்லை.

ஊசி, கண் மருந்து, கட்டணம் எல்லாம் சேர்த்து 286 வெள்ளி. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “இதத்தானே அவங்க சொன்னாங்க” என்றார்.

“யாரு?”

“ஆன்ட்டிதான். ‘பாகி ஜெமூர், காசி சாயோர்’னு. ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனமே, அன்னிக்கு. நீயும்தான் பக்கத்துல நின்ன.”

காலையில் வெயிலில் வை, கீரை கொடு. ஆன்ட்டியும் அம்மாவும் முப்பது ஆண்டுகளாகச் சந்தை மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். எனக்கும் அந்த அளவு மலாய் புரியும். அன்று கட்டிலருகில் நின்று கைப்பேசியில் கண்ணாடித் தொட்டிகளின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள் நான். அவரோ நடைபாதையில் நேரடி வெயில் விழும் மூலையில் தொட்டியை வைத்து, சந்தையில் மீந்த கங்கோங்கைக் கிள்ளிப் போட்டே பத்தொன்பது ஆண்டு வளர்த்திருக்கிறார்.

அதன்பிறகு பதினோரு நாள் அப்பு எதையும் தொடவில்லை. தினமும் இரண்டு வேளை அம்மா சமையலறைத் துண்டால் பிடித்துக்கொள்வார், நான் இமையில் மருந்து விடுவேன். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் அது நீட்டும்வரை இருவரும் தரையிலேயே உட்கார்ந்திருப்போம். ஒருமுறை நாற்பது நிமிடம்.

இடையில் ஆன்ட்டியின் மகன் செய்தி அனுப்பினார். ‘அம்மா ஆ புய்யைப் பார்க்க வேண்டும் என்கிறார், ஒரு காணொளி அனுப்ப முடியுமா?’ டிசம்பரில் எடுத்த ஒன்றை அனுப்பினேன். பழைய பதிவைப் புதிதுபோல் ஒலிபரப்புவது எங்கள் தொழிலில் தெரிந்த வேலைதான். ‘தேங்க்ஸ், அம்மாவுக்கு ரொம்ப மகிழ்ச்சி’ என்று பதில் வந்தது. அன்றிரவு தூங்கவில்லை. மூன்று மணிக்கே எழுந்து போய் டார்ச் அடித்து, மூச்சு விடுகிறதா என்று பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு கண் பாதி திறந்தது. துருவிய கேரட்டை ஒரு கவ்வு கவ்வியது. அம்மா வேலைக்கு அழைத்துச் சொன்னார். ஒலிபரப்பு நடந்துகொண்டிருந்ததால், அடுத்த பாடல் போனதும்தான் எடுக்க முடிந்தது.

இப்போது அப்பு மறுபடியும் நீலத் தொட்டியில். காலையில் ஒரு மணி நேரம் நடைபாதை வெயில், ஒரு பக்கம் நிழலோடு. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் அம்மா அளந்து கோடு போட்டிருக்கிறார். வீட்டுக்குள் புற ஊதா விளக்கு. முக்கிய உணவு கங்கோங்கும் கேரட்டும் ஆமைக்கான உருண்டைத் தீனியும். இறால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். தொட்டியைச் சமையலறைக் குழாயில் கழுவக் கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்பவை அம்மாவின் சட்டங்கள். அவை சரியான சட்டங்கள்தான். ஆமையின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். 1975ல் அமெரிக்கா நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்ததே, குழந்தைகள் அவற்றால் நோயுற்றதால்தான்.

இந்தக் கதையை நிகழ்ச்சியில் சொன்னபோது ஒரு நேயர் அழைத்து, இந்தியாவிலிருந்து நட்சத்திர ஆமை கிடைக்குமா, வீட்டுக்கு நல்லதாமே என்றார். அந்தத் தரை ஆமையை இங்கே வீட்டில் வளர்க்க அனுமதியில்லை. தமிழகம், ஆந்திரப் பக்கத்து வறண்ட காடுகளில் பிடித்துப் பெட்டிகளில் அடைத்துக் கடத்துகிறார்கள், சென்னை விமான நிலையத்திலேயே பலமுறை பிடிபட்டிருக்கிறது. 2018ல் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகள் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டே ‘சைட்டிஸ்’ உடன்பாடு அவற்றின் அனைத்துலக வணிகத்தைத் தடை செய்தது. நேயரிடம் சொன்னேன். “அப்ப உங்க ஆமையக் குடுங்க” என்றார். விளையாட்டாகத்தான்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த வகை முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழுமாம். அப்புவுக்கு இப்போது இருபது, எனக்கு முப்பத்தாறு, அம்மாவுக்கு அறுபத்தேழு. அம்மா இந்தக் கணக்கை ஒருநாள் சத்தமாகப் போட்டார். “எனக்கப்புறம் நீ. உனக்கு வேற ஊர்ல வேல கெடச்சா?” என்றார். இன்னும் பதில் சொல்லவில்லை. அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது, நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்த பார்வை வேறு.

மகனிடம் நடந்ததைச் சொன்னேன். பழைய காணொளியைப் பற்றியும். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அம்மாவிடம் சொல்ல வேண்டாம்” என்றார்.

சென்ற மாதம் தாதிமை இல்லத்துக்குப் போனோம். புதிய காணொளியைக் காட்டினேன், அன்று காலை எடுத்தது. ஆன்ட்டி கைப்பேசியை மூக்கருகில் வைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “சாயோர் மாக்கான்?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “மாக்கான், மாக்கான். ஹாரி ஹாரி” என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.