ஆற்றங்கரையில் ஒரு பதக்கம்

கண்டி மாநகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மைல் சென்றால் மகாவலி கங்கை நம்மை வழிமறிக்கின்றது. அந்த இடமே கட்டுகஸ்தோட்டை. ‘தொட்ட’ என்னும் சிங்களச் சொல்லுக்கு ஆற்றுத்துறை என்பது பொருள். பாலம் தோன்றுமுன் மக்களும் மாடுகளும் பொதிகளும் ஆற்றைக் கடந்த துறை இது. மாத்தளைக்குச் செல்லும் புகையிரதமும் 1880ஆம் ஆண்டு தொடக்கம் இவ்வூர் வழியாகவே ஓடுகின்றது. ஒரு காலத்தில் இங்கே யானைகள் நீராடும் காட்சியைக் காண்பதற்கென்றே வெளிநாட்டுப் பயணிகள் கரையில் கூடுவார்கள். 1976ஆம் ஆண்டில் அருகிலுள்ள பொல்கொல்லையில் அணைகட்டி, ஆற்றுநீரில் ஒரு பகுதியைச் சுரங்கவழியாக உக்குவளைக்குத் திருப்பினார்கள். இங்கிருந்தே ஒரு பாதை குருநாகல் வழியாகப் புத்தளத்துக்கும், மற்றொன்று மாத்தளை, தம்புள்ளை, வவுனியா வழியாக யாழ்ப்பாணத்துக்கும் பிரிகின்றன.

இரண்டாவது பாதையிலேதான் நாம் வந்தோம். எமது சட்டைப்பையில், பழைய உறை ஒன்றினுள், சுட்டுவிரல் நீளங்கூட இல்லாத ஒரு நாடாப்பட்டை இருந்தது. அதனைக் கட்டுகஸ்தோட்டையில் வாழும் மாமியின் கையில் ஒப்படைப்பதே பயணத்தின் நோக்கம்.

எமது பாட்டனார் இரண்டாம் உலகப் போரின்போது படையில் லொறி சாரதியாக இருந்தவர். 1944ஆம் ஆண்டு ஏப்பிரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்த நாட்களில், பாட்டனாரின் லொறி இந்த மலைப்பாதைகளில் இரவுபகலாக ஓடிற்றாம். போர் முடிந்த பின்னர் அவருக்குப் பதக்கம் கிடைத்தது. மார்பில் நாள்தோறும் அணிவதற்கான நாடாப்பட்டையும் கிடைத்தது. அவர் காலமானபின், மகள் பதக்கத்தை எடுத்துக்கொண்டு மணம் முடித்துக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தார். நாடாப்பட்டை யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவிடம் தங்கிவிட்டது.

“அடுத்த வருகையில் கொண்டுவந்து தருகிறேன்” என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அந்த அடுத்த வருகை வாய்க்கவே இல்லை. 1990இல் பாதை மூடப்பட்டது. 2002இல் திறந்தது, 2006இல் மீண்டும் மூடிற்று, 2009இலேதான் மறுபடியும் திறந்தது. அதற்குள் பெரியப்பா மறைந்துவிட்டார். பெரியம்மா அண்மையில் தகரப்பெட்டியைத் துப்புரவாக்கியபோது காணி உறுதிகளுக்கு நடுவே நாடாப்பட்டை அகப்பட்டது.

மாமியின் வீடு ஆற்றின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருக்கின்றது. தேநீர் தந்த கையோடு, உள்ளே சென்று பதக்கத்தை எடுத்துவந்தார். வெள்ளிநிறமான வட்டம், ஒருபுறம் முடிசூடிய ஆறாம் ஜோர்ஜ் மன்னர், மறுபுறம் இருதலைப் பறவைநாகத்தை மிதித்து நிற்கும் சிங்கம். சிவப்பும் நீலமும் வெள்ளையுமான நாடா வெளுத்துப்போயிருந்தது. நாம் கொண்டுவந்த பட்டையை அதன் அருகில் வைத்தோம். அப்பொழுதுதான் ஓர் உண்மை புலனாயிற்று. பட்டையில் இரண்டு நாடாக்கள் இருந்தன! ஒன்று இந்தப் பதக்கத்துக்குரியது. மற்றது இருபுறமும் பச்சையும் நடுவே செம்மஞ்சளும் இடையே மெல்லிய கறுப்புக் கோடுகளும் கொண்டது; பாதுகாப்புப் பதக்கத்துக்குரிய நாடா. ஆகவே பாட்டனாருக்கு இரண்டு பதக்கங்கள் கிடைத்திருக்கின்றன.

மாமி நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெதுவாகச் சொன்னார்: “ஓம் பிள்ளை, அண்ணன்ரை அலுமாரியிலை ஒண்டு கிடந்தது. தொண்ணூற்றைஞ்சிலை ஊரே எழும்பி ஓடினபோது உறுதிப்பெட்டியைத்தான் தூக்கினவை. அலுமாரியை ஆர் தூக்குறது?”

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறிய கதையை அறியாதவர் யார்? அந்தப் பதக்கம் இன்று எங்கேனும் ஒரு கடையிலோ, எவருடைய சேகரிப்பிலோ கிடக்கலாம். ஆயினும் அதனைக் கண்டெடுப்பவர் அது யாருடையது என்று அறிய வழியில்லை. மாமியிடமுள்ள பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். விளிம்பில் ஓர் எழுத்தும் இல்லை. அந்தப் போருக்காகப் பிரிட்டன் இலட்சக்கணக்கானோருக்கு வழங்கிய இத்தகைய பதக்கங்களில் மிகப் பல பெயர் பொறிக்கப்படாமலே வழங்கப்பட்டவை.

அன்று மாலை ஆற்றங்கரையில் நடந்தபோது, கொழும்பு தேசிய நூதனசாலையில் நாம் கண்ட ஒரு பீரங்கி நினைவுக்கு வந்தது. வெண்கலத்தால் ஆகி, பொன்னும் வெள்ளியும் செம்மணிகளும் இழைத்த அலங்காரப் பீரங்கி அது. அதில் சிங்கள எழுத்துக்கள் உள்ளன. அவற்றினால்தான் அதனை மன்னருக்குக் காணிக்கையாக அளித்தவர் லெவ்கே திசாவை என்பதை நாம் அறிகின்றோம். அளித்த காலம் 1745-46. அப்பொழுது கண்டியில் ஆட்சிபுரிந்தவர் நாயக்க வமிசத்து முதல் மன்னரான ஸ்ரீ விஜய ராஜசிங்கன்.  

இருபது ஆண்டுகள்கூட அது அரண்மனையில் அமைதியாக இருக்கவில்லை. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் படையெடுத்து வந்தார். கம்பெனியின் சிப்பாய்களில் ஒல்லாந்தர் மாத்திரமன்றி ஜெர்மானியரும் பெருந்தொகையாக இருந்த காலம் அது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னர் நகரைவிட்டு அகன்றார், அரண்மனை சூறையாடப்பட்டது. பீரங்கி கடல் கடந்து சென்று, பிற்காலத்தில் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் காட்சிப்பொருளாயிற்று. அதனோடு பொன்வாள், வெள்ளிவாள், ஒரு கத்தி, இரு துப்பாக்கிகளும் அங்கே இருந்தன. சிங்கமுகப் பிடியுடைய ‘கஸ்தானே’ வாள் வெறும் ஆயுதமன்று. மன்னரும் ஆளுநரும் தம் அதிகாரிகளுக்கு வழங்கிய பதவிச் சின்னமும் ஆகும். இக்காலப் போர்வீரனின் மார்புப் பதக்கம் எதுவோ, அக்காலத்து முதலியாருக்கு அந்த வாள் அதுவே.

இரு நாட்டு அறிஞர்களும் கூடி அப்பொருள்களின் வரலாற்றை ஆராய்ந்தார்கள். 2023 யூலையில் அவற்றைத் திருப்பித்தர ஒல்லாந்து அரசாங்கம் இணங்கிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் ஆறு பொருள்களும் கொழும்பு நூதனசாலையில் ஒப்படைக்கப்பட்டன. இருநூற்று ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின்னர் அவை ஒன்றாக நாடு திரும்பின.

இதற்குமுன்னும் இவ்வாறு ஒரு திரும்புதல் நடந்ததுண்டு. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததும், கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1832இல் அங்கேயே மடிந்தார். அவருடைய சிம்மாசனம் இங்கிலாந்தில் விண்சர் அரண்மனைக்குப் போய், 1934ஆம் ஆண்டில் குளொஸ்டர் கோமகனால் திருப்பிக் கொண்டுவரப்பட்டது. ஆனால் மன்னரின் ஆபரணங்கள் பல 1820இல் லண்டனில் ஏலம் போயின. வாங்கியவர்கள் கற்களைப் பிரித்து வேறு நகைகளில் பதித்திருந்தால், அவை கண்டி மன்னருடையவை என்று யாரால் சொல்ல முடியும்? சிம்மாசனம் தன்னை யாரென்று சொல்லிற்று. ஆகவே வீடு வந்தது. மாணிக்கக் கல் பேசாது.

பாட்டனாரின் தொலைந்த பதக்கமும் அந்த மாணிக்கக் கல்லைப் போன்றதே.

இருட்டும்வேளையில் வீடு திரும்பினோம். மாமி மேசைமேல் நாடாப்பட்டையையும் பதக்கத்தையும் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியில் அருகருகே வைத்து, பச்சை நாடாவுக்கு நேர்கீழே வேண்டுமென்றே ஓர் இடம் காலியாக விட்டிருந்தார். ஏன் என்று நாம் கேட்கவில்லை. “இதிலை பேர் எழுதித் தா பிள்ளை. எனக்கு இப்ப கை நடுங்கும்” என்று ஒரு கடதாசித் துண்டை நீட்டினார். பாட்டனாரின் முழுப்பெயரையும், ஊரையும், லொறி ஓட்டியதையும், பதக்கங்கள் இரண்டு என்பதையும் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டினோம். மாமியின் பேரன் அதனை உரக்க வாசித்தான். அவனுக்கு அந்தப் பெயர் அன்றுதான் தெரியும்.

வாசகர் இல்லங்களிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கும்; பதக்கமாகவோ, கைக்கடிகாரமாகவோ, வெற்றிலைத் தட்டமாகவோ ஏதோ ஒன்று அதில் கிடக்கும். அது யாருடையதென்று அறிந்தவர் வீட்டிலுள்ள முதியவர் ஒருவராகவே இருப்பார். அவரை இன்றே அருகில் இருத்திக் கேட்டு, பெயரை எழுதி வையுங்கள். பொருள்கள் சிதறிப்போவதைத் தடுக்க நம்மால் எப்போதும் இயலாது. ஆயினும் பெயர் உள்ள பொருளுக்கு, எத்தனை ஆண்டு கழிந்தாலும், துறைகடந்து வீடு திரும்ப ஒரு வழி இருக்கின்றது.