ஈட்டி இறங்காத மண்

ஹப்சிகுடாவில் மண்ணுக்கு மரியாதை உண்டு, ஆய்வுக்கூடத்தில். 1961இல் தொடங்கப்பட்ட தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கிருந்துதான் பூமியின் ஆழத்தைத் துருவிக்கொண்டிருக்கிறது. வாசலைத் தாண்டினால் மெட்ரோ ரயில் பாலம், இருபுறமும் கான்கிரீட் அடுக்குமாடிகள். ‘குடா’ என்றால் தெலுங்கில் சிற்றூர். அந்தச் சிற்றூர்க் காலத்து மண் சுவர்களை இன்று தேடத்தான் வேண்டும்.

தேடுவோருக்கான சாலையும் இவ்வழியேதான் போகிறது. உப்பல், புவனகிரி, ஜனகாம் தாண்டி, சுமார் 140 கி.மீ. தொலைவில் வாரங்கல். அங்கே காகதீயர் கோட்டையின் உள்மதில் கல். வெளி அரண் மண். 1310இல் மாலிக் கபூர் படை முற்றுகையிட்டபோது அந்த மண்ணில் எஃகு ஈட்டியும் இறங்கவில்லை என்று எழுதினார் அமீர் குஸ்ரோ. கவிஞரின் மிகை கொஞ்சம் இருக்கலாம். மன்னர் பிரதாபருத்திரர் கடைசியில் பணிந்தார். மண் அரணோ ஏழு நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது.

கையால் கட்டும் மண் வீடும் அதே வித்தைதான். கடப்பாரை, மண்வெட்டி, கூடை, தூக்குக்குண்டு போதும். கண்ணாடி பாட்டிலில் மண்ணையும் தண்ணீரையும் குலுக்கி வைத்தால் மணல் முதலில் படியும், களி கடைசியில். களி மிஞ்சினால் சுவர் வெடிக்கும், குறைந்தால் உதிரும். பதமான மண்ணில் வைக்கோல் சேர்த்து, காலால் மிதித்து, கல் அடித்தளத்தின் மேல் அடுக்கடுக்காக எழுப்ப வேண்டும். ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் சுவர் தன் பாரத்திலேயே பிதுங்கிவிடும்.

கீழிருந்து ஏறும் ஈரத்தைக் கல் தடுக்கும். மேலிருந்து அடிக்கும் மழையை நீண்ட கூரை தடுக்கும். மீதியை, ஆண்டுதோறும் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசும் கை பார்த்துக்கொள்ளும். மண் வீடு மலிவு என்பது பாதி உண்மை. பொருள்தான் மலிவு, உழைப்பு அல்ல.

ஆனால் சிக்கல் உழைப்போடு முடிவதில்லை. அரசாங்கக் கணக்கில் மண் சுவர் ‘கச்சா’. 2016இல் வந்த பிரதமரின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டமும் கச்சா வீட்டை அகற்றிப் ‘பக்கா’ வீடு தருவதையே குறிக்கோளாகக் கொண்டது. இத்தனைக்கும், சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்திய மண் கற்களால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது. அது ஏழைகளுக்கான கட்டடக் கலைக்குத் தரப்படும் விருது. ஏழை தானே கட்டிக்கொண்ட மண் வீட்டுக்குத்தான் இன்னும் மதிப்பெண் இல்லை.

ஹப்சிகுடா போன்ற இடங்களில் அடுக்குமாடிக்கு அடித்தளம் தோண்டும்போது வெளிவரும் மண் லாரி ஏறிப் போகிறது. அதே வாசலில் செங்கல் லாரி வந்து இறங்குகிறது.