காற்றும் நரம்பும்

பெருங்குழு இசையின் முழக்கத்திற்குப் பழகிய செவிக்கு, ஐரோப்பியச் செவ்வியல் மரபில் ‘அறையிசை’ எனப்படும் சிறு நிகழ்ச்சி முதலில் வெறுமையாகவே தோன்றும். மேடையில் இருவர், ஒருவர் கையில் குழல், மற்றவர் தோளில் சாய்ந்த ஹார்ப். கோலசைத்து வழிநடத்துவோர் எவருமில்லை. குழலிசைப்பவர் மூச்சை உள்ளிழுக்கும் மெல்லோசையே அடுத்தவர்க்குத் தொடக்கக் குறிப்பு. செல்வர் மனைகளின் கூடங்களில் வளர்ந்த இசையாதலின், சிற்றரங்கே இதற்கு உரிய இடம்.

நிகழ்ச்சிக்கு நெடுநேரம் முன்பே ஹார்ப் கலைஞர் அரங்கிற்கு வந்துவிடுவார். அவர் சுருதி சேர்க்க வேண்டிய நரம்புகள் 47. விளக்கின் வெம்மையும் காற்றின் ஈரமும் அவற்றைப் பிறழச் செய்துகொண்டே இருக்கும். இசைக்கு நடுவே ஒவ்வொன்றாய்த் திருத்தவோ நேரமில்லை. குழலுக்கு அத்தொல்லை இல்லை. தலைப்பகுதியைச் சற்றே வெளியிழுத்தும், உதட்டின் சாய்வை மாற்றியும் அது சுருதியைச் சரிசெய்துகொள்ளும். எனவே இவ்விணையில் குழல்தான் நரம்புக்கு இணங்கிச் செல்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது வியப்பளிக்கலாம். மாதவி ஆடிய அரங்கில் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும் நின்றன என்றன்றோ இளங்கோவடிகள் முறைவைக்கிறார்!

இவ்விரண்டும் ஏன் பொருந்துகின்றன? ஹார்ப்பின் ஒலி பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்குகிறது. விரல் நரம்பை விட்ட பின் அதை வளர்க்க வழியில்லை. குழலின் ஒலியோ மூச்சுள்ள வரை நிற்கும், விரும்பினால் பெருகும், மெலியும். ஒன்று புள்ளி வைக்க, மற்றொன்று கோடிழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மூடி மறைப்பதில்லை என்பதே பெருநலம்.

இவ்விணைக்கெனப் படைக்கப்பட்டவற்றுள் புகழ்மிக்கது மோட்சார்ட் 1778ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் எழுதிய இசைப்படைப்பு. உண்மையில் அது அறையிசை அன்று. சிறு வாத்தியக் குழுவும் உடன் இசைப்பது. ஆயினும் அதன் இடைப்பகுதியில் ஊதுகருவிகள் அடங்கி, வில்லிசைக் கருவிகள் மட்டும் துணைநிற்க, குழலும் ஹார்ப்பும் உரையாடுவதைக் கேட்போர் அரங்கையே மறந்து ஓர் அறைக்குள் அமர்ந்துவிட்டதாக உணர்வர்.

அப்போது மோட்சார்ட்டுக்கு அகவை 22. பிழைப்புத் தேடித் தாயுடன் பாரிஸ் வந்திருந்தார். கீன் என்னும் கோமகன் குழலிசைப்பதில் வல்லவர். அவர் மகள் ஹார்ப் இசைப்பதில் தேர்ந்தவள். இருவரும் சேர்ந்திசைக்கவே அப்படைப்பு கேட்கப்பட்டது. மகளுக்கு இசையமைப்புக் கலையைக் கற்பிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அவள் நினைவாற்றல் ஒப்பற்றது. ஆனால் சொந்தமாக ஓரடி புனையச் சொன்னால் ஒன்றும் எழவில்லை. மோட்சார்ட் தம் தந்தைக்கு எழுதிய கடிதமொன்றில் அவ்வகுப்பைச் சித்திரிக்கிறார். ஓர் ஆடலிசையின் முதல் நான்கு தாளக் கட்டுகளைத் தாமே எழுதி, ‘தொடங்கிவிட்டேன், முடிக்கத் தெரியவில்லை; நீதான் முடித்துத் தர வேண்டும்’ என்னும் கருத்துப்படத் தம்மையே மடையனாகக் காட்டிக்கொண்டு அவள்முன் வைத்தாராம். அரும்பாடுபட்டு அவளும் ஏதோ முடித்தாள். மாணவரிடம் கட்டுரை வாங்கப் போராடும் எந்த ஆசிரியர்க்கும் இவ்வுத்தி புதிதன்று. ஆயினும் உலகப் பெருங்கலைஞனும் அதே வாயிலில் நின்று தட்டினான் என்பது ஆறுதல்.

பயன் என்ன? அவ்வாண்டு ஜூலை 3ஆம் நாள் தாய் பாரிசிலேயே இறந்தார். அம்மாத இறுதியில் தந்தைக்கு எழுதிய மடலில், நான்கு மாதமாகக் கோமகன் கையிலிருக்கும் படைப்புக்குப் பணம் வரவில்லை என்றும், பாடங்களுக்கும் பாதிக் கூலியே தர முற்பட்டனர் என்றும் மோட்சார்ட் மனம் நொந்து குறிப்பிடுகிறார். இத்தனை கசப்புக்கு இடையே பிறந்த இசையில் கசப்பின் சுவடே இல்லை. ஹார்ப்புக்கென அவர் வேறொன்றும் எழுதவுமில்லை.

அன்றைய ஹார்ப் குறைபாடுடைய கருவி. எல்லாச் சுரநிலைகளுக்கும் அது எளிதில் மாறாது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிசை விட்டு இலண்டன் சேர்ந்த செபாஸ்டியன் எரார் என்ற கருவியாக்குநர், 1810இல் இதற்குத் தீர்வு கண்டார். அடிப்பாகத்தில் ஏழு மிதிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். காலால் மிதித்தால் ஒரே பெயருடைய சுரத்தின் நரம்புகளெல்லாம் ஒருங்கே அரைச்சுரம் ஏறும் அல்லது இறங்கும். குழலுக்கும் இத்தகைய மீட்பர் கிடைத்தார். செர்மானியக் கலைஞர் தியோபால்ட் போம் 1847இல் அமைத்த உருளைக் குழலே, சிற்சில மாற்றங்களுடன் இன்றும் மேடையில் ஒலிக்கிறது. இவ்விரு கைவினைஞரும் இல்லையேல், இந்த அறையிசை மரபின் பிற்கால வளம் பெரிதும் குன்றியிருக்கும். கருவி செய்பவனை மறந்து இசைஞனை மட்டும் போற்றும் வழக்கம் எங்கும் உள்ளதுதான்.

அவ்வளத்தின் உச்சமாக விளங்குவது, டெபுஸி 1915இல் குழல், வியோலா, ஹார்ப் ஆகிய மூன்றுக்கும் எழுதிய சொனாட்டா. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. கொடிய புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஆறு சொனாட்டாக்கள் எழுத எண்ணி மூன்றையே முடித்து, 1918 மார்ச்சில் மறைந்தார். வியோலாவைச் சேர்த்தது நுட்பமான தேர்வு. அது நரம்புக் கருவியாதலால் ஹார்ப்புக்கு உறவு. ஒலியை நீட்டவல்லதாதலால் குழலுக்கும் உறவு. இவ்விசை அழுவதற்கா சிரிப்பதற்கா என்று படைத்தவரே ஐயுற்றார்.

தமிழ் மாணவர்க்கு இந்நிகழ்ச்சியில் மற்றொரு பொருளும் உண்டு. மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவர் குழலையும் யாழையும் மழலையோடு ஒப்பிடும் குறளை ஓதாத தமிழ்ப் பிள்ளை அரிது. குழலை அப்பிள்ளை கேட்டிருக்கும், யாழை? ஹார்ப் இனத்தைச் சேர்ந்ததே பழந்தமிழரின் வில்வடிவ யாழ். இருபத்தொரு நரம்புடைய பேரியாழ் முதல் ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் வரை வகை பல இருந்தும், அது வழக்கொழிந்தது. வீணை அவ்விடத்தில் அமர்ந்தது. ஐரோப்பிய ஹார்ப்புக்கு ஓர் எரார் வாய்த்தது போல் யாழுக்கு எவரும் உரிய காலத்தில் வாய்க்கவில்லை. மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், நெடுங்கால ஆராய்ச்சியின் பின் ‘யாழ் நூல்’ வழியே அக்கருவியின் உருவையும் சுருதியையும் மீட்டுரைத்தார். 1947இல் அது வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

வளைந்த தண்டுடைய பழைய ஹார்ப் இனம் ஆசியாவிலிருந்து முற்றும் அழிந்துவிடவில்லை. இந்தியாவிலிருந்து சென்றதாகக் கருதப்படும் ‘சௌங்’ என்னும் கருவி மியன்மாரில் இன்றும் மடியில் கிடத்தி மீட்டப்படுகிறது. படகு போன்ற உடல், கழுத்தாய் வளைந்தெழும் தண்டு, இக்கால வடிவில் பதினாறு நரம்புகள். வகுப்பில் யாழின் உருவம் கேட்கும் மாணவனுக்கு, வீணையின் படத்தைக் காட்டுவதைவிட அதன் படத்தைக் காட்டலாம்.