அழகிரிசாமி வருஷம்

ஜனவரி 8, 2023, ஞாயிறு

தீப்பெட்டி ஆபிஸில் கணக்கு எழுதுகிறவளுக்கு டைரிக்குப் பஞ்சமில்லை. குளோரேட் தருகிறவர், அட்டை தருகிறவர், லாரி ஆபிஸ் என்று பொங்கலுக்குள் நாலைந்து வந்துவிடும். ஒன்றில் பால் கணக்கு, ஒன்றில் சீட்டுக் கணக்கு. மிச்சமிருந்த ஒன்றை இந்த வருஷம் வாசிப்புக்கென்று எடுத்து வைத்தேன். எத்தனை புத்தகம் முடித்தேன் என்று எண்ணப்போவதில்லை. எண்ணுவதற்குத்தான் ஆபிஸில் சம்பளம் தருகிறார்களே.

சென்னையில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் முந்தாநாள் புத்தகக் காட்சி தொடங்கிவிட்டது. அங்கே படிக்கிற மகளுக்கு ஒரே ஒரு பெயரை வாட்ஸப்பில் அனுப்பினேன்: கு. அழகிரிசாமி சிறுகதைகள், காலச்சுவடு போட்ட முழுத் தொகுப்பு. வருகிற செப்டம்பரோடு அவர் பிறந்து நூறு வருஷம். கோவில்பட்டியில் திருநெல்வேலி பஸ் ஏறினால் நாலாட்டின்புதூர் தாண்டி வரும் இடைசெவல்தான் அவருக்கும் ஊர், கி.ரா.வுக்கும் ஊர். கி.ரா.வை ஒன்றுவிடாமல் வாசித்திருக்கிறேன். இவரை அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒரே ஊர்ச் சிநேகிதர்களில் ஒருவரை மட்டும் விசாரித்துவிட்டு வருவது மரியாதையில்லை.

ஜனவரி 29

புத்தகம் வந்துவிட்டது. மடியில் வைத்துப் படிக்கிற கனமில்லை. வரிசையாகப் போகாமல் முதலில் ‘அன்பளிப்பு’க்குப் போனேன். பள்ளிக்கூடத்து நாளில் படித்தபோது பாவமாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது பார்த்தால் கதை முழுக்க ஒரு டைரிக்காகத்தான். எனக்குக் குப்பையாக வந்து விழுகிற பொருள். குழந்தைகளுக்குப் பிரியமான ஒரு மாமா இரண்டு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்கிற பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அழவில்லை, கேட்கவில்லை. கடைசியில் தானே ஒரு டைரியை வாங்கி வைத்துக்கொண்டு, அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அந்த இடத்துக்கு அப்புறம் அழகிரிசாமி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வதில்லை. நானாக இருந்தால் அந்த மாமாவைக் கண்கலங்க வைத்திருப்பேன்.

மார்ச் 5

பாளையங்கோட்டையில் புத்தகத் திருவிழா. பஜ்ஜிக் கடையில்தான் கூட்டம் என்று வழக்கமாகச் சொல்கிற பேச்சு உண்மையில்லை. புத்தகக் கடையிலும் இடித்துக்கொண்டுதான் நின்றார்கள். பூமணியின் ‘வெக்கை’யைத் திரும்பவும் வாங்கினேன். இரவல் போன பிரதி வரவில்லை, வராது.

‘வெக்கை’யை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்தவர்கள் நாவலில் அப்பாவின் பழைய கதையைத் தேடுகிறார்கள். அந்தப் பெரிய பிளாஷ்பேக் நாவலில் கிடையாது. 1982இல் வந்த சின்னப் புத்தகம் அது. முதலிலேயே பையன் வெட்டிவிடுகிறான். பிறகு தகப்பனும் மகனும் ஒளிந்து திரிகிறார்கள். ஒளிந்து திரிகிறவர்கள் என்ன செய்வார்கள்? சோறு பொங்குவார்கள், தண்ணீர் தேடுவார்கள், தூங்க இடம் பார்ப்பார்கள். பூமணி அதைத்தான் எழுதுகிறார். சினிமாவுக்கு ரத்தம் வேண்டியிருந்தது, நாவலுக்கு அடுப்பு போதுமாக இருந்தது. எனக்கு அடுப்புதான் பிடிக்கிறது.

ஏப்ரல் 23

வெயில். குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ எடுத்தேன். ஜமுனா குடத்தோடு அலைவதைப் படித்துக்கொண்டிருந்தபோதே தண்ணீர் லாரி வந்துவிட்டது. புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மே 21

அழகிரிசாமியின் ‘சுயரூபம்’. இந்தக் கதையால்தான் எழுதக் கை அரிக்கத் தொடங்கியது. குடும்பப் பெருமை உள்ள ஒருவர் பட்டினியோடு பலகாரக் கடைக்கு வருகிறார். இட்லி கடன் கேட்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. ஊர்ப்பேச்சு பேசுகிறார், கடைக்காரனுக்கு இதமாக நடந்துகொள்கிறார், எழுந்து போவதுபோல் போய்த் திரும்புகிறார். கதை நெடுக ஒரு மனிதன் கேட்காமல் இருக்கிறான், அவ்வளவுதான். முதல் வாசிப்பில் சிரிப்பு வந்தது. இரண்டாவது வாசிப்பில் பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் அவர் வாயை எது அடைக்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். ஒரு தடவை வந்த தடை மறுபடி வரவில்லை. அழகிரிசாமி அளந்துதான் வைத்திருக்கிறார். படிக்கிறபோது தெரியாமல் அளந்திருக்கிறார்.

ஒன்று கவனித்தேன். பென்சில் எடுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜூன் 30

ஆபிஸில் மிட்டாய் கொடுத்தார்கள். இருபது ரூபாய்க்குக் கீழான லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாதென்று மத்திய அரசு நேற்று உத்தரவு போட்டுவிட்டது. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியைத் தின்றுவிடும் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற கணக்கு. பதினான்கு வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய்க்கு ஏறியது. ஏறியதும் லைட்டர் வந்து முன்னால் நின்றது.

மிட்டாய் சாப்பிட்டுவிட்டு, பழைய கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில் முதல் வரியை எழுதினேன். சனிக்கிழமைச் சம்பள வரிசை. இத்தனை வருஷம் கைநாட்டு வைத்த ஒரு பாட்டி கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். ஒவ்வொரு எழுத்தாக வரைகிறாள். பின்னால் நிற்கிறவர்களுக்குப் பஸ் போய்விடும். இவ்வளவுதான் கதை. எங்கள் ஆபிஸில் நடந்தது பாதி, நடக்காதது பாதி.

ஜூலை 16

மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் நேற்றுத் திறந்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.

ஆகஸ்ட் 13

என் கதை கி.ரா. குரலில் வந்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு ஒருவர் சொல்வதுபோல, இடையிடையே பழமொழி, நாலு வரிக்கொரு கரிசல் சொல். அவர் கரிசல் வட்டார வழக்குக்கே அகராதி தொகுத்தவர். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு இடம் என்று தெரிந்து போட்டார். எனக்கு ஊறுகாயையே சோறாகப் பிசைந்த கதையாகிவிட்டது. கரிசல்காட்டில் இன்றைக்கு எழுத வருகிற எவருக்கும் இந்த இடைஞ்சல் உண்டென்று நினைக்கிறேன். நமக்கு முன்னால் ஒருவர் நம் அம்மா பேச்சை அச்சில் ஏற்றிவிட்டார். இனி நம் அம்மா வாய் திறந்தாலே அவர் எழுதியதுபோல் இருக்கிறது.

டப்பி அடைக்கிற அக்கா ஒருவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்: “வரிசையில நின்னுக்கிட்டா இவ்வளவு பேசுறா? பின்னால நிக்கிறவ என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கா?”

எந்த விமர்சகரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. பாட்டியின் வசனம் முழுவதையும் அடித்தேன். பேச்சையெல்லாம் பின்னால் நிற்கிறவர்களிடம் கொடுத்தேன். பாட்டி குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள். கதை சரிபாதியாகிவிட்டது.

செப்டம்பர் 23, சனி

அழகிரிசாமிக்கு இன்றைக்கு நூறு. சம்பளப் பட்டுவாடா முடிய இருட்டிவிட்டது. இடைசெவலுக்குப் போகலாமென்ற நினைப்பு நினைப்போடு நின்றது.

பத்திரப் பதிவு ஆபிஸில் எழுத்தராக இருந்தவர் அழகிரிசாமி. அந்த வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்குப் போனார். ‘சக்தி’யில் இருந்தார், மலாயாவுக்குப் போய்த் ‘தமிழ் நேச’னில் இருந்தார், திரும்பி வந்து ‘நவசக்தி’. 1970இல் நாற்பத்தாறு வயதில் போய்விட்டார். சாகித்திய அகாதமி விருது அவர் போன பிறகு வந்தது, ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கு. சர்க்கார் வேலையை விட்டார் என்று இப்போது பெருமையாக எழுதுகிறார்கள். வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் விடமாட்டேன். சம்பள நோட்டு இல்லையென்றால் எனக்குக் கதையும் இல்லை.

நவம்பர் 11

நாளைக்குத் தீபாவளி. போனஸ் கொடுத்துவிட்டு வந்து, ராத்திரி அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறா’ரை எடுத்தேன். தீபாவளிக் கதையைத் தீபாவளிக்கு முந்தின ராத்திரி வாசிப்பது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம்தான், இருக்கட்டும். இல்லாத வீட்டுக்கு ராஜா என்றொரு அநாதைப் பையன் வந்துவிடுகிறான். வீட்டுக்காரி தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டுகிறாள், சொறி சிரங்கோடு. கட்டிக்கொள்ள அவனுக்கு ஒன்றுமில்லை. புருஷனுக்கென்று வைத்திருந்த துண்டு ஒன்று இருக்கிறது.

அந்தத் துண்டு எங்கே முதலில் வருகிறது என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டார், யாருக்கும் உறுத்தாத இடத்தில். கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்ச நேரம். அப்புறம் எரிச்சலாக வந்தது. இந்தக் கதைக்கு வாய்விட்டு அழுதவள் நான். இப்போது துணிக்கடைக்காரி மாதிரி தையலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கதை எழுதுகிறேன் பேர்வழி என்று இறங்கியதற்கு இதுதான் கூலியென்றால் கூலி அதிகம்தான். கடைசிப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று தாயம்மாளின் சின்னப் பெண் பணக்காரப் பையனிடம் சொல்கிற இடத்தில் பென்சில் கையிலேயே நின்றுவிட்டது. ஆக, எல்லாம் போய்விடவில்லை.

டிசம்பர் 19

மழை. பதினேழாம் தேதி பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் ஸ்டேஷனிலேயே கிடந்தார்கள். எங்கள் ஆபிஸில் குச்சி மூட்டை ஊறிவிட்டது, அட்டை கூழாகிவிட்டது. நனைந்த குச்சியில் மருந்து நிற்காது; காயவைக்க வெயிலுமில்லை. வாசிப்பு என்ற பேச்சே கிடையாது.

டிசம்பர் 21

கரண்ட் வந்ததும் செய்தி பார்த்தேன். தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்குச் சாகித்திய அகாதமி. மகளிடம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவள் என் கதையைப் படித்துவிட்டாள். பாட்டி கையெழுத்தை முடிக்கிற இடத்தில் வரிசையே கைதட்ட வேண்டுமாம். மாட்டேன் என்றேன். பஸ் போன கடுப்பில் எவள் கைதட்டுவாள்? தபாலில் ஒரு சிற்றிதழுக்கு அனுப்பியாயிற்று, என் முடிவோடுதான்.

டிசம்பர் 30, சனி

சம்பள நாள். கதை விஷயம் டப்பி அடைக்கிற அக்கா மூலம் கசிந்திருக்கிறது. நிஜப் பாட்டி முறை வந்ததும் பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எழுதாமல் என்னைப் பார்த்தாள்.

“ஏ தாயி, என்னப் பத்தி என்னமோ எழுதியிருக்கியாமே. எம்புட்டுத் தருவாங்க?”

“ஒண்ணும் தர மாட்டாங்க பாட்டி. புத்தகம் ஒண்ணு அனுப்புவாங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பின்னால் முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது.

“அப்ப எம்பேரப் போடாத. காசு தர்றாங்கன்னா சொல்லு, போட்டுக்கிடலாம்.”