நாற்பத்து மூன்று நிமிடங்கள்

தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். இரவு 11:20 மணி. விடுதி அறையில் ஓர் ஆய்வு மாணவி கட்டணம் செலுத்திவிட்டுக் காத்திருக்கிறாள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. இணையதளமோ முடங்கிக் கிடக்கிறது. 12:03 மணிக்குத் தளம் மீண்டது. விண்ணப்பக் காலம் முடிவடைந்தது என்ற ஒற்றை வரி மட்டுமே அதில் இருந்தது.

அம்மாத அறிக்கையில் அத்தளம் குறையற்றதாகவே தோன்றியிருக்கும். 99.9 விழுக்காடு நேரம் இயங்கினால் போதும் என்பது பரவலான அளவுகோல். முப்பது நாளுக்கு 720 மணி நேரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 43 நிமிடம். அந்த 43 நிமிடம் ஒரு ஞாயிறு அதிகாலையில் கழிந்திருந்தால் ஒருவரும் அறியார். கடைசி இரவில் கழிந்ததால் ஒரு வாய்ப்பே கைநழுவியது. சராசரிக்கு இவ்விரண்டும் ஒன்றே.

மென்பொருள் சேவைகளை வெளியிடுமுன்பே அவற்றின் நம்பகத்தன்மைத் தேவையை வகைப்படுத்த வேண்டியிருப்பது இதனால்தான். விமானத்துறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விமான மென்பொருளுக்கான டிஓ-178சி நெறிமுறை ஏ முதல் இ வரை ஐந்து நிலைகளைக் கொண்டது. மென்பொருள் எவ்வளவு பெரியது என்று அது கேட்பதில்லை; பழுதானால் என்ன நேரும் என்றே கேட்கிறது. பேரழிவு நேருமெனில் ஏ. பாதுகாப்புக்கு எவ்விளைவும் இல்லையெனில் இ. நிலைக்கேற்பவே சோதனையின் கடுமை அமையும்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இம்முறை அந்நியமன்று. வடமொழியில் மனைவியைக் குறிக்கும் 'தார' என்னும் சொல் இலக்கணப்படி ஆண்பால். தமிழின் திணைப் பகுப்போ பொருளை நோக்கியது. சேவைகளின் பகுப்பும் அவ்வாறே அமைதல் வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி ஆளரவமற்றுக் கிடக்கும் தளம் என்பது வடிவம். கடைசி நாளில் அதைவிட்டால் வேறு கதியில்லை என்பது பொருள்.

அதற்காக எல்லாச் சேவையையும் உச்ச நிலையில் வைத்துவிட இயலாது. 99.9-ஐ 99.99 ஆக்குவதற்குச் செலவும் உழைப்பும் மிகும். நூலகப் பட்டியல் ஒரு மணி நேரம் நின்றால் மாணவர் அலமாரியில் தேடிக்கொள்வர். ஆகவே கேட்க வேண்டியவை மூன்று: நின்றால் இழப்பு யாருக்கு? அவ்விழப்பு மீளுமா? மாற்று வழி உண்டா?

இரண்டாம் கேள்வியின் விடையைப் பெருஞ்செலவின்றியே மாற்றலாம். தளம் முடங்கிய நேரம் கெடுவுடன் கூட்டித் தரப்படும் என்றொரு விதியை முன்கூட்டியே எழுதி வைத்தால் போதும். அந்த ஒரு விதி இருந்திருந்தால், 12:03 மணிக்கு அம்மாணவி தன் விண்ணப்பத்தை நிறைவுசெய்திருப்பாள்.